நீலப் படத்துக்கு டீ டிகாக்‌ஷன்: சயனோடைப் படங்களின் நிறத்தை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

மருதாணிப் பொடியை டீ டிகாக்‌ஷனில் கரைத்து, இரவு முழுக்க இரும்புக் கடாயில் ஊறவைத்தால் காலையில் கன்னங்கரேல் என்று ஆகியிருக்கும். நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கத்தியில் கறுப்பு படியும். இரும்புச்சத்து அதிகம் உள்ள போர் தண்ணியில் டீ போட்டால், டீயே மை மாதிரி கறுத்துப்போகும்.

இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைச் சந்திக்கும்போது கறுப்பு பிறக்கிறது. இதே காரணத்தை வைத்துத்தான் சயனோடைப் என்ற நீல நிறப் புகைப்படத்தைக் கருநீலமாகவோ, பழுப்பாகவோ, கறுப்பாகவோ மாற்றுகிறார்கள். இதற்கு டோனிங் என்று பெயர். டார்க் ரூம் வேண்டாம். விலை உயர்ந்த கருவிகள் வேண்டாம். டீத்தூள், காபித்தூள், நாட்டு மருந்துக் கடைக் கடுக்காய்ப் பொடி, சலவை சோடா போதும்.

ஆனால் 'வீட்டுப் பொருள்தானே' என்று இறங்குபவர்கள் வழக்கமாக மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள்: தண்ணீர், வரிசை, பாதுகாப்பு. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் பிரச்சினை இன்னும் பெரிது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சயனோடைப்: ஒரு சின்ன அறிமுகம்

1842-இல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. அடுத்த ஆண்டே, 1843-இல், தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளின் மேல் வைத்து, வெயிலில் காட்டி, அந்த நீலப் படங்களையே புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். கேமராவே இல்லாமல் உருவான அந்த நூல், புகைப்படங்களைக் கொண்ட உலகின் முதல் புத்தகமாகக் கருதப்படுகிறது.

பிறகு இன்ஜினியர்களும் கட்டட வரைபடக்காரர்களும் இந்த முறையைப் பிடித்துக்கொண்டார்கள். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக வரைபடத்தை நகல் எடுத்தார்கள். இன்று ஆபீஸ் மீட்டிங்கில் "ப்ளூபிரின்ட் ரெடி" என்று சொல்கிறோமே, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான்.

வேலை செய்யும் விதம் எளிது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்ற இரண்டு கரைசல்களைச் சம அளவு கலந்து தாளில் பூச வேண்டும். இருட்டான இடத்தில் காயவிட வேண்டும். அதன் மேல் வேப்பிலையையோ, ஓஹெச்பி ஷீட்டில் பிரின்ட் எடுத்த நெகட்டிவையோ வைத்து வெயிலில் காட்ட வேண்டும். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பின் வேதிநிலை மாறி, 'பிரஷ்யன் நீலம்' உருவாகிறது. இது தண்ணீரில் கரையாது. வெயில் படாத இடத்தில் இருக்கும் ரசாயனம் தண்ணீரில் கழுவும்போது போய்விடும். மிச்சம் இருப்பது நீலமும் வெள்ளையுமான படம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: அந்த நீலம் சாயம் அல்ல. அது இரும்புச் சேர்மம். படம் முழுக்க இரும்பு இருக்கிறது. டோனிங் சாத்தியமாவதே அதனால்தான்.

சரி, நீலம் எப்படிக் கறுப்பாகிறது?

டோனிங் என்பது படத்தின் மேல் வேறு நிறத்தைப் பூசுவது அல்ல. படத்தில் ஏற்கெனவே இருக்கும் இரும்பை வேறு சேர்மமாக மாற்றுவது. இது இரண்டு கட்டங்களில் நடக்கிறது.

முதல் கட்டம், சோடா. பிரஷ்யன் நீலத்துக்கு அமிலம் என்றால் பெரிய தொந்தரவு இல்லை, காரம்தான் எதிரி. சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட், கலந்த தண்ணீரில் படத்தைப் போட்டால் நீலம் ஊதா ஆகி, வெளிறி, கடைசியில் மங்கிய மஞ்சளாகிவிடும். படம் அழிந்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் இரும்பு அங்கேயேதான், துரு நிறத்தில் தாளில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாம் கட்டம், டேனின். அந்த மஞ்சள் படத்தை டீயிலோ கடுக்காய்த் தண்ணீரிலோ போட்டால், டேனின் அந்த இரும்போடு சேர்ந்து கரும்பழுப்பு அல்லது கறுப்புச் சேர்மமாக மாறுகிறது. காணாமல் போன படம் வேறு நிறத்தில் திரும்பி வருகிறது.

சோடாவே போடாமல் நேரடியாக டீயில் ஊறவைத்தாலும் மாற்றம் உண்டு. ஆனால் மெதுவாக நடக்கும். நீலம் முழுசாகப் போகாது. ஆழ்ந்த கருநீலமாக மாறும். முதல் தடவை செய்பவர்களுக்கு இதுதான் பாதுகாப்பான வழி.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சோடாவில் வெளுத்து, நன்றாகக் கழுவிய பிறகு பழைய நீலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. போனில் ஃபில்டர் போட்டுப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். இங்கே 'அன்டூ' பட்டன் கிடையாது.

குரோம்பேட்டைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

டேனின் என்ற சொல்லே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. விலங்குத் தோல் அழுகாமல் இருக்க அதை டேனின் உள்ள மரப்பட்டை, காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பயன்பட்ட முக்கியமான பொருள்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பொங்கலுக்கு வாசலில் கட்டும் அதே ஆவாரம்பூச் செடியின் பட்டைதான். ஆங்கிலத்தில் ஆவாரைக்கு 'தோல் பதனிடுபவரின் கேசியா' என்ற பொருளில் ஒரு பெயரே இருக்கிறது.

பட்டையில் ஊறவைப்பது பல வாரங்கள் பிடிக்கிற வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பை வைத்து வேகமாகப் பதனிடும் புதிய முறை சென்னைக்கு வந்தது. 1912-இல் ஜி.ஏ.சேம்பர்ஸ் பல்லாவரம் அருகே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரிலிருந்துதான் குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயர் வந்தது. தினமும் மின்சார ரயிலில் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற பலருக்கும், ஊர்ப் பெயரில் ஒரு ரசாயனம் ஒளிந்திருப்பது தெரியாது. தோல் ஆராய்ச்சிக்கான மத்திய நிறுவனம் 1948-இல் அடையாறில் அமைந்ததும் இதே தொழிலின் தொடர்ச்சிதான்.

டேனினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்ற அறிவு துணியிலும் உண்டு. கலம்காரி ஓவியத்தில் துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த கரைசலில் ஊறவைப்பார்கள். இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் புளிக்கவைத்து எடுத்த கரைசலால் அதன் மேல் வரைவார்கள். கோடு போட்ட இடம் கறுத்துவிடும். அந்தக் காலத்து மையும் இப்படித்தான்: கடுக்காயும் அன்னபேதியும் கலந்தால் எழுதும் மை. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட்.

ஆக, சயனோடைப் படத்தைக் கடுக்காயில் டோன் செய்வது வெளிநாட்டிலிருந்து வந்த புது ட்ரிக் மாதிரித் தெரிந்தாலும், அதன் பின்னால் இருப்பது நம் ஊர்ச் சாயக்காரர்களுக்கும் தோல் தொழிலாளர்களுக்கும் நன்றாகத் தெரிந்த வேதியியல்தான்.

எந்தப் பொருள், என்ன நிறம்?

தாள், சோடா, நேரம் மூன்றையும் பொறுத்து நிறம் மாறும். பொதுவாக எதிர்பார்க்கக்கூடியது இதுதான்:

• கறுப்பு டீ: டேனின் அதிகம். சோடா இல்லாமல் கருநீலம். சோடாவுக்குப் பிறகு பழுப்பு முதல் கரும்பழுப்பு வரை. தாளின் வெள்ளைப் பகுதியிலும் டீக்கறை ஏறி, பழைய போட்டோ மாதிரித் தெரியும். சிலருக்கு அதுதான் வேண்டும். சிலருக்கு அதுதான் தொல்லை.

• கிரீன் டீ: கறை குறைவு. தாள் ஓரளவு வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்றால் இதை முயலலாம்.

• காபி: டேனினுக்கு உறவுக்காரப் பொருள்கள் இதில் இருக்கின்றன. டீயைவிட மெதுவாக வேலை செய்யும். சோடா போடாமல் சில மணி நேரம் ஊறவைத்தால் நீலம் கலந்த கறுப்பு கிடைக்கும்.

• கடுக்காய்ப் பொடி: வீட்டுப் பொருள்களில் டேனின் மிக அதிகம் உள்ளவற்றில் ஒன்று. சோடாவுக்குப் பிறகு அழுத்தமான கறுப்பை நோக்கிப் போகும். முகங்கள் உள்ள படங்களுக்கு ஏற்றது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் உள்ள எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

• மாதுளைத் தோல், பாக்கு, ஆவாரம்பட்டை: எல்லாமே டேனின் உள்ளவை. பரிசோதனை செய்து பார்க்க நல்ல பொருள்கள்.

• மஞ்சள்தூள்: இது டோனிங் அல்ல, வெறும் சாயம். இரும்பை மாற்றாது, தாளை மஞ்சளாக்கி, நீலத்தைப் பச்சை போலக் காட்டும். வெயில் பட்டால் மஞ்சள் வெளிறிவிடும். சோடா பட்டால் சிவந்துவிடும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்த மஞ்சள் மாதிரி.

ஸ்டெப் பை ஸ்டெப்

1. படம் தயாரா? வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெயிலில் காட்டிய, அழுத்தமான நீலப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோடாவில் நிறம் கொஞ்சம் குறையும் என்பதால் இந்தக் கூடுதல் தேவை. கழுவிக் காயவைத்து, குறைந்தது ஒரு நாள் விடுங்கள். காற்றுப்பட்டால்தான் நீலம் முழுமையாக ஏறும்.

2. டெஸ்ட் துண்டு. நல்ல படத்தில் நேரடியாகக் கைவைக்காதீர்கள். அதே தாள், அதே கரைசலில் செய்த ஒரு படத்தை நான்கைந்து துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலால் எழுதுங்கள்: 'சோடா 10 வினாடி, டீ 30 நிமிடம்' என்பது போல. பேனா மை கரைந்துவிடும்.

3. டிகாக்‌ஷன். அரை லிட்டர் தண்ணீரில் 3 ஸ்பூன் டீத்தூள். பால், சர்க்கரை கூடாது என்று சொல்லத் தேவையில்லை. கொதிக்கவிட்டு, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூடான டீயில் தாள் வேகமாகக் கறை பிடிக்கும். கடுக்காய் என்றால் ஒரு டேபிள் ஸ்பூன் பொடியை அரை லிட்டர் தண்ணீரில் 10 நிமிடம் சிறுதீயில் வைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பொடி மிச்சம் இருந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக ஒட்டும்.

4. சோடாத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சலவை சோடா. முழுசாகக் கரைய வேண்டும். சலவை சோடா கிடைக்கவில்லை என்றால் ஆப்ப சோடாவும் வேலை செய்யும். ஆனால் அது வீரியம் குறைந்த காரம், நேரம் அதிகம் எடுக்கும்.

5. வெளுப்பு. உலர்ந்த படத்தை முதலில் வெறும் தண்ணீரில் 2 நிமிடம் நனையுங்கள்; அப்போதுதான் எல்லா இடத்திலும் ஒரே சீராக வேலை நடக்கும். பிறகு சோடாத் தண்ணீரில் போட்டு, தட்டை மெதுவாக ஆட்டுங்கள். கண்ணை எடுக்கக் கூடாது. வெளிர்நீலப் பகுதிகள் முதலில் போகும், அடர்நீலம் கடைசியில். 10 வினாடியில் எடுத்தால் பாதி நீலம், பாதி மஞ்சள். ஒரு நிமிடம் விட்டால் கிட்டத்தட்ட முழு மஞ்சள்.

6. நடுவில் கழுவல். நிறையப் பேர் விட்டுவிடும் ஸ்டெப் இதுதான். சோடா தாளில் மிச்சம் இருந்தால் டீ உடனே கறுத்து, வெள்ளைப் பகுதி எல்லாம் அழுக்கு நிறமாகும். ஓடும் தண்ணீரில் 5 நிமிடமாவது கழுவுங்கள்.

7. டோனிங். ஆறிய டிகாக்‌ஷனில் படத்தை முழுசாக மூழ்கவிடுங்கள். 20 நிமிடத்திலேயே மாற்றம் தெரியும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வரைகூட விடலாம். படம் மேலே மிதந்தால் காற்றுக்குமிழி பட்ட இடம் வெள்ளைத் திட்டாக நிற்கும். அவ்வப்போது திருப்பிப் போடுங்கள்.

8. கடைசிக் கழுவல். தண்ணீரில் நிறம் இறங்காத வரை கழுவி, நிழலில் காயவையுங்கள். ஈரத்தில் தெரிவதைவிட, காய்ந்த பிறகு படம் இன்னும் அழுத்தமாக இருக்கும்.

வரிசையை மாற்றியும் செய்யலாம். முதலில் டீ, பிறகு சில வினாடி சோடா என்றால் வேறு மாதிரிப் பழுப்பு கிடைக்கும். 5-ஆவது ஸ்டெப்பில் சீக்கிரம் நிறுத்தினால், நிழல் பகுதி கருநீலமாகவும் வெளிச்சப் பகுதி பழுப்பாகவும் இரட்டை நிறத்தில் வரும். பலரும் தேடிப்போகும் அழகு அதுதான்.

போர் தண்ணியா, கேன் தண்ணியா?

தென்சென்னைப் புறநகரில் இந்த வேலை சொதப்ப முக்கியக் காரணம் தண்ணீராக இருக்கலாம். இங்கே பல வீடுகளில் குழாயில் வருவது போர் தண்ணீர்; கோடையில் லாரித் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளைப் படிவம், ஹீட்டர் காயிலில் உப்பு, சோப்பு நுரைக்காத குளியல் எல்லாம் இந்தப் பகுதிவாசிகளுக்குப் பழகிப்போனவை. அந்த உப்புத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் இருந்தால் அது லேசான காரத் தண்ணீர். பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் எதிரி என்று மேலே பார்த்தோம். அதாவது, குழாய்த் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவினாலே நீங்கள் கேட்காத ஒரு வெளுப்பு நடக்கும்.

போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் இன்னொரு சிக்கல். டீ டிகாக்‌ஷனே கறுத்து, படத்தின் வெள்ளைப் பகுதியைச் சாம்பல் நிறமாக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரே படத்தின் இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றைக் குழாய்த் தண்ணீரிலும், இன்னொன்றை ஆர்ஓ அல்லது கேன் தண்ணீரிலும் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். குழாய்த் துண்டு வெளிறியிருந்தால் விடை தெரிந்துவிட்டது.

தீர்வுகள்:

• படம் எடுத்தவுடன் முதல் கழுவலில் மட்டும் ஒரு லிட்டருக்கு 2 டீஸ்பூன் வெள்ளை வினிகர் அல்லது பாதி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். லேசான அமிலம் நீலத்தைக் காப்பாற்றும். அடுத்தடுத்த கழுவல் வெறும் தண்ணீரில்.

• டிகாக்‌ஷன் போடுவதற்கு ஆர்ஓ அல்லது கேன் தண்ணீர்.

• ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வையுங்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. வடிகட்டிப் பயன்படுத்தினால் கடைசிக் கழுவலுக்கு அருமை. மழைத் தண்ணீரும் அப்படித்தான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னொரு எச்சரிக்கை: ஈரப்பதம் அதிகம் உள்ள நாள்களில் பூசிய தாள் சரியாகக் காயாது. ஈரத்தாளைப் பையில் போட்டு வைத்தால் வெயில் காட்டும் முன்பே நீலம் படியத் தொடங்கிவிடும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் பூசுங்கள்.

'சயனைடு' என்று பெயரிலேயே இருக்கே, ஆபத்து இல்லையா?

நியாயமான கேள்வி. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடில் சயனைடு, இரும்போடு மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. அதனால் சாதாரண நிலையில் அதன் நச்சுத்தன்மை குறைவு. பிரஷ்யன் நீலம் இன்னும் நிலையானது; தாலியம், கதிரியக்க சீசியம் ஆகியவை உடலில் சேர்ந்தால் அவற்றை வெளியேற்ற மருத்துவர்கள் கொடுக்கும் மருந்தே அதுதான்.

ஆனால் இரண்டு சூழ்நிலையில் நிலைமை மாறும். வீரியமான அமிலம் பட்டாலோ, அதிகச் சூட்டில் எரித்தாலோ நச்சு வாயு வெளியேறலாம். எனவே:

• டாய்லெட் கழுவும் ஆசிட்டை இந்த ரசாயனங்கள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வினிகர், எலுமிச்சை போன்ற லேசான அமிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

• வீணான படங்களைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள்.

• வேகமாக வெளுக்க வேண்டும் என்று ப்ளீச்சிங் பவுடரைத் தேடிப் போகாதீர்கள். அது ஆசிட்டோ வினிகரோ பட்டால் குளோரின் வாயு வரும். பாத்ரூம் மாதிரிச் சின்ன இடத்தில் அது மிகவும் ஆபத்து.

• சலவை சோடா தோலையும் கண்ணையும் எரிக்கும். கையுறை கட்டாயம்.

• இதற்கென்று தனித் தட்டு, தனி ஸ்பூன், தனி டம்ளர். ஒருமுறை பயன்படுத்திய பாத்திரம் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. டிகாக்‌ஷனைக்கூட அடுப்படியில் காய்ச்சியபின் தனிப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

• டோனிங் செய்யும் டீ, பார்க்க டீ மாதிரியேதான் இருக்கும். டம்ளரில் வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் லேபிள் ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

மிச்சத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

ஒருவர் வீட்டில் செய்யும் அளவு சிறியது. முதல் கழுவல் தண்ணீரை நிறையத் தண்ணீர் சேர்த்து, பாத்ரூம் வடிகாலில் விடலாம். ஆனால் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றக் கூடாது; அது சுத்திகரிப்புக்குப் போகாமல் ஏரிக்குப் போகும். சேலையூர், செம்பாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் கடைசியில் சேருவது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் அது. செடித் தொட்டி, கிணற்றடி, போர்வெல் அருகிலும் வேண்டாம்.

'ஒரு டம்ளர் தண்ணி என்ன செய்துவிடும்' என்று நினைக்கலாம். பல்லாவரம், நாகல்கேணி பகுதிகளில் தோல் தொழில் விட்டுப்போன குரோமியம் நிலத்தடி நீரில் என்ன செய்தது என்பதை அங்கே வாழும் மக்கள் நேரடியாக அறிவார்கள். தோல் ஆலைகளுக்கென்று பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டி வந்தது அதனால்தான். வீட்டு டோனிங்கில் குரோமியம் இல்லை. சில பழைய சயனோடைப் செய்முறைகளில் கான்ட்ராஸ்ட் கூட்ட டைகுரோமேட் சேர்க்கச் சொல்வார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் குரோமிய உப்பு. அந்த வரியைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

டோன் செய்த படம் எத்தனை நாள் இருக்கும்?

தாளில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. சாதாரண ஜெராக்ஸ் தாளில் வெண்மைக்காகச் சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், சேர்த்திருப்பார்கள். அதுவும் காரம்தான்; நீலத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் கார்பனேட் இருக்கிறது. நுரைக்காத, 200 ஜிஎஸ்எம்-க்கு மேல் உள்ள வாட்டர்கலர் தாள் நல்ல தேர்வு. பல மணி நேரம் தண்ணீரில் ஊறினாலும் கிழியாது.

டோன் செய்யாத சயனோடைப்பிடம் ஒரு விசித்திரக் குணம் உண்டு. அதிக வெளிச்சத்தில் வெளிறினால், சில நாள் இருட்டில் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும். டேனினில் முழுசாக மாற்றிய படத்துக்கு அந்தக் குணம் இல்லை. ஏனென்றால் அதில் இருப்பது இப்போது வேறு பொருள். நிறத்தை மாற்றும்போது இந்தச் சுய வைத்தியத்தையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம். இது தெரிந்து எடுக்க வேண்டிய முடிவு.

ஃபிரேம் போட்டால் நேரடி வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். சுண்ணாம்பு அடித்த ஈரச் சுவரில் படத்தை நேரடியாக ஒட்ட வேண்டாம். துணியில் செய்த சயனோடைப்பை வாஷிங் பவுடரில் போடக் கூடாது. அதில் இருப்பதும் சோடாதான். ஒரே துவையலில் டி-ஷர்ட்டின் நீலம் மஞ்சளாகிவிடும்.

சட்டென்று சில கேள்விகள்

தாத்தா பாட்டியின் பழைய போட்டோவை இப்படி மாற்றலாமா? பழைய ஒரிஜினலை இந்த வேலைக்குக் கொண்டுவரவே வேண்டாம். அதை ஸ்கேன் செய்து, நிறத்தைத் தலைகீழாக்கி, ஓஹெச்பி ஷீட்டில் நெகட்டிவாக பிரின்ட் எடுங்கள். ஜெராக்ஸ் கடையிலேயே எடுக்கலாம். அதிலிருந்து எத்தனை சயனோடைப் வேண்டுமானாலும் போடலாம். ஒன்றை நீலமாகவே வைத்துக்கொண்டு, மற்றதைக் கடுக்காயில் போட்டுப் பாருங்கள்.

சயனோடைப் ரசாயனம் எங்கே கிடைக்கும்? பாரிமுனைப் பகுதியில் உள்ள லேப் கெமிக்கல் கடைகளில் கேட்கலாம். ஆன்லைனில் கிட்டாகவும் கிடைக்கிறது. 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்பது பரவலாகப் பயன்படும் அளவு.

வெயிலில் எவ்வளவு நேரம்? நெகட்டிவ், பருவம், நேரத்தைப் பொறுத்து 5 முதல் 20 நிமிடம். மதிய வெயில் என்றால் சீக்கிரம் முடியும்.

டீ போட்டும் நிறம் மாறவே இல்லையே? டிகாக்‌ஷன் நீர்த்திருக்கலாம், அல்லது சோடா கட்டத்தைத் தாண்டிவிட்டிருக்கலாம். டீத்தூளைக் கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு சோடாவை 5 வினாடி, 10 வினாடி என்று ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வெள்ளைப் பகுதி ரொம்பப் பழுப்பாகிவிட்டதே? டிகாக்‌ஷன் சூடாக இருந்திருக்கும், அல்லது சோடா மிச்சம் இருந்திருக்கும். கிரீன் டீக்கோ கடுக்காய்க்கோ மாறி, நேரத்தைக் குறையுங்கள்.

இந்த வார இறுதியில் தொடங்குவதாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர் டெஸ்ட், அடுத்து துண்டுகளில் டீ, அதற்குப் பிறகு சோடா, கடைசியில்தான் பிடித்த படம். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எழுதிய பென்சில் குறிப்பைத் தூக்கிப்போடாதீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீருக்கும் உங்கள் தாளுக்கும் ஏற்ற செய்முறை அந்தக் குறிப்புகளில்தான் இருக்கும்.